விசாலமான நேரம்: ஆல்ப்ஸ் மலையூரில் எட்டு நாட்கள்



வளைகுடாவில் வேலை செய்யும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆஸ்திரியாவின் செல் அம் ஸே என்னும் ஊர் புதிய பெயர் அன்று. சால்ஸ்புர்க் மாநிலத்தில், ஏரிக்கரையில் அமைந்த சிறிய மலையூர் அது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதன் கடைத்தெருவில் ஜெர்மன் மொழிக்கு நிகராக அரபு மொழியும் ஒலிக்கும். கடந்த கோடை விடுமுறையில் அல்லாஹ்வின் அருளால் எட்டு நாட்கள் அங்கே தங்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவர், பதினைந்து வயது மகள், முழங்கால் வலியோடு எழுபதைக் கடந்துவிட்ட உம்மம்மா என நால்வர் சென்றோம்.

எங்கெங்கே செல்லலாம், காரில் செல்வதா ரயிலில் செல்வதா, தொழுகைக்கு என்ன செய்வது என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். அவர்களுக்கு விடை சொல்லவே இதை எழுதத் தொடங்கினோம். எழுத எழுத, அந்த எட்டு நாட்களில் எங்களுக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது என்பது விளங்கிற்று. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் மத்ஹபு பற்றி ஒரு வார்த்தை. எங்களுள் மனைவி இராமநாதபுரத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர், ஷாஃபிஈ. கணவர் மதுரைப் பக்கத்து ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகளில் இந்த வேறுபாடு வீட்டில் பெரிதாகத் தெரிந்ததில்லை. வெளியூர் சென்றால்தான் அது எழுந்து நிற்கும்.

ஹனஃபி மத்ஹபில், ஓர் ஊரில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணுபவர் பயணியாகவே, முஸாஃபிராகவே கருதப்படுவார். நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், வந்து சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி நான்கு நாட்கள் தங்க எண்ணினாலே அவர் முகீம், அதாவது தங்கியிருப்பவர். அவர் முழுமையாகத் தொழ வேண்டும். ஆக, ஒரே விடுதியில், ஒரே அறையில், மாப்பிள்ளை முஸாஃபிர். மனைவியும் மாமியாரும் முகீம்கள்! அவர் இமாமாக நின்று இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டு அமர்ந்திருப்பார். பின்னால் நிற்பவர்கள் எழுந்து மீதி இரண்டைத் தொழுது முடிப்பார்கள். முதல் நாள் உம்மம்மா சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளை நம்மளைப் பாதி வழியிலே இறக்கி விட்டுட்டாரே" என்றார்.

கிப்லாவும் உம்மம்மாவுக்குப் புதிதாக இருந்தது. வாழ்நாளெல்லாம் மேற்கு நோக்கித் தொழுது பழகியவர். இங்கே கிப்லா தென்கிழக்கு. தக்பீர் கட்டுமுன் ஒவ்வொரு வேளையும், "இந்தப் பக்கந்தானே?" என்று கேட்டுக்கொள்வார்.

முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் வாடகைக்குக் கார் எடுத்திருந்தோம். காரில்தான் செல்ல வேண்டிய இடம் என்று நாங்கள் கருதியது கிராஸ்குளோக்னர் மலைச்சாலை. ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரமான கிராஸ்குளோக்னரின் (3,798 மீட்டர்) மடிக்கு இட்டுச்செல்லும் இச்சாலையை ஃபிரான்ஸ் வாலக் என்னும் பொறியாளர் வடிவமைத்தார். 1930இல் தொடங்கிய வேலை 1935இல் முடிந்தது. 48 கிலோமீட்டர் நீளம். 36 கொண்டை ஊசி வளைவுகள். பனி மூடும் குளிர்காலத்தில் சாலை அடைக்கப்பட்டிருக்கும். மே முதல் அக்டோபர் வரைதான் பெரும்பாலும் திறந்திருக்கும். கட்டணச் சாலை என்பதால், வானம் தெளிவாக இருக்கும் நாளைப் பார்த்துச் செல்வது நல்லது. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். மகள் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தாள். மேலே ஏற ஏறப் பைன் மரங்கள் குறைந்து, புல்வெளி வந்து, பின் வெறும் பாறையும் பனித்திட்டுகளும் மட்டுமே எஞ்சின.

சாலையின் ஒரு கிளை பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃப் பெயரால் வழங்கும் மேட்டில், 2,369 மீட்டர் உயரத்தில் முடிகிறது. 1856இல் அப்பேரரசர் இப்பகுதிக்கு வந்ததன் நினைவாக இட்ட பெயர். அவரை நம்மவர்கள் அறிந்துகொள்ள வேறொரு காரணமும் உண்டு. 1908இல் பொஸ்னியா அவருடைய ஆட்சிப் பரப்போடு இணைக்கப்பட்டு முஸ்லிம்கள் அப்பேரரசின் குடிமக்களானபின், 1912இல் இஸ்லாத்தை அங்கீகரிக்கும் சட்டம் ஆஸ்திரியாவில் இயற்றப்பட்டது. அச்சட்டம் ஹனஃபி வழியைப் பின்பற்றுவோரை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அந்த வரம்பை 1987இல்தான் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. இதைச் சொன்னபோது, "அப்போ எண்பத்தேழு வரைக்கும் எங்களுக்கு இங்கே இடமில்லையா?" என்று உம்மம்மா மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். கார் முழுவதும் சிரிப்பு. அந்த நாளின் கடைசிச் சிரிப்பு அதுவாகத்தான் இருந்தது.

மேட்டிலிருந்து கீழே பார்த்தால் பாஸ்டர்ஸே என்னும் பனியாறு. ஆஸ்திரியாவின் மிக நீளமான பனியாறு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தன் கொள்ளளவில் ஏறத்தாழ பாதியை இழந்துவிட்டது. கீழே இறங்கும் பாதையில், இன்ன ஆண்டில் பனி இதுவரை இருந்தது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். அந்தப் பலகைகளைக் கடந்தும் பனி வெகு தூரத்தில் தெரிகிறது. உறுதியாக நிற்பதாக நாம் எண்ணும் மலைகளும் ஒருநாள் மேகங்களைப் போலக் கடந்து செல்லும் என்று திருமறை சொல்வதை நினைத்துக்கொண்டோம்.

அப்போது மணி இரண்டரை. லுஹர் நேரம் ஒன்றேகால் மணியளவிலேயே நுழைந்திருந்தது. வாகன நிறுத்தத்தின் ஓரத்தில், தடுப்புச் சுவருக்கு அருகே விரிப்பை விரித்தோம். உம்மம்மாவுக்கு மடக்கு நாற்காலி. சுற்றிலும் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர்கள், பேருந்தில் வந்த முதியவர்கள், புகைப்படம் எடுப்போர். மகள் காரை விட்டு இறங்கவில்லை.

"நான் ரூமுக்குப் போய்த் தொழுதுக்கிறேன். இங்கே எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள்.

எங்களில் ஒருவர் குரலை உயர்த்தினார். மனிதர்கள் பார்ப்பதற்கு வெட்கப்படுகிறாயே, அல்லாஹ் பார்ப்பதற்கு வெட்கமில்லையா என்று கேட்டார். இதற்காகவா இவ்வளவு செலவு செய்து உன்னை அழைத்து வந்தோம் என்றும் சொன்னார். அருகில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர் ஒன்றும் சொல்லாமல் விரிப்பின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். எவர் பேசினார், எவர் மௌனமாக இருந்தார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டும் ஒரே தவறுதான் என்ற முடிவுக்குப் பின்னர் வந்துவிட்டோம்.

அவள் இறங்கி வந்தாள். தொழுதாள். முகம் கல்லாக இருந்தது. திரும்பும் வழியில் 36 வளைவுகளில் ஒன்றைக்கூட அவள் எண்ணவில்லை. காரில் எல்லோரும் முன்னே பார்த்துத்தான் அமர்ந்திருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஊர் வந்து சேர்ந்துவிடலாம். அப்படித்தான் வந்து சேர்ந்தோம். அப்போது மணி நான்கேகால்.

அன்று மாலை இன்னொன்றும் நடந்தது. செல் அம் ஸே ஊருக்கு மேற்கே ஷ்மிட்டன்ஹோஹே என்னும் மலை (1,965 மீட்டர்) எழுந்து நிற்கிறது. அதனால் ஊருக்குள் வெயில் வெகு முன்னதாகவே மறைந்துவிடும். கடைத்தெருவில் நிழல் படர்ந்து குளிரத் தொடங்கியதும் மஃரிபு வந்துவிட்டது போலவே தோன்றும். ஆனால் ஜூலை நடுவில் அங்கே சூரியன் உண்மையில் மறைவது இரவு ஒன்பது மணியளவில்தான். அறையின் பலகணியில் அமர்ந்திருந்த உம்மம்மா, "மஃரிபு ஆயிடுச்சா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றோம். அவர் ஏரிக்கு அப்பால் பார்த்தார். கிழக்குக் கரையில் இன்னும் வெயில் இருந்தது. தெற்கே கிட்ஸ்ஷ்டைன்ஹோர்னின் (3,203 மீட்டர்) பனி பொன்னிறமாக ஒளிர்ந்தது. "ஆமாமா, மலை உச்சியிலே வெளிச்சம் போகணும். சின்ன வயசிலே ஓதிக் கொடுத்திருக்காங்க. எங்க ஊர்லே மலை ஏது, அப்போ விளங்கலை" என்றார். மலைகள் சூழ்ந்த இடத்தில் உச்சிகளிலிருந்து கதிர் நீங்குவதை மறைவின் அடையாளமாகக் கொள்வதை ஃபிக்ஹு நூல்கள் குறிப்பிடுகின்றன. கடலோரத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் கற்ற பாடத்தை ஆல்ப்ஸ் மலையில்தான் கண்ணால் கண்டார்.

சற்று நேரம் கழித்து அவர், மகள் உறங்கச் சென்றுவிட்டாளா என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "அந்தப் புள்ளை தொழ மாட்டேன்னு சொல்லலையே. பொறவு தொழுறேன்னுதானே சொன்னுச்சு. அஸருக்கு எவ்வளவு நேரம் கிடந்துச்சு? அல்லாஹ் விசாலமாக் கொடுத்த நேரத்தை நீங்க ஏன் புள்ளைகளா ஒடுக்குறீங்க?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஷாஃபிஈ கணக்கில்கூட அன்று அஸர் நுழைந்தது ஐந்தே கால் மணிக்குப் பின்னர்தான். நான்கேகாலுக்கு நாங்கள் அறையில் இருந்தோம். அவள் கேட்டது மார்க்கம் அனுமதித்த ஒன்று. முதல் நேரத்தில் தொழுவது சிறப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சிறப்பை நாங்கள் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. பலர் முன்னிலையில் அவள் தலையில் இறக்கி வைத்தோம். எத்தனை நாள் தங்கினால் முகீம், எத்தனை மைல் சென்றால் கஸ்ரு என்று நுணுகி நுணுகிக் கணக்கிட்ட நாங்கள், எங்கள் பிள்ளைக்கு இருந்த மூன்று மணி நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று எங்களுக்கு இருந்ததும் மனிதர் பார்வை குறித்த கவலைதான். பிள்ளை தொழாமல் காரில் இருப்பதை அங்கிருந்த நம்மவர்கள் பார்த்துவிடுவார்களே என்று அஞ்சினோம்.

மூன்றாம் நாள் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 2025 மே முதல் சால்ஸ்புர்க் மாநிலத்தில் தங்கும் பயணிகளுக்கு விடுதியிலேயே ஒரு பயண அட்டை தருகிறார்கள். மாநிலத்துக்குள் ஓடும் பேருந்துகளுக்கும் ரயில்களுக்கும் அது செல்லும். இது தெரிந்திருந்தால் கார் ஒரு நாளே போதுமென்று எண்ணியிருப்போம். கார் நம் விருப்பத்துக்கு நிற்கும்; விரிப்பு, மடக்கு நாற்காலி, உளூவுக்குத் தண்ணீர் எல்லாவற்றையும் சுமக்கும்; முழங்கால் வலி உள்ளவருக்குப் பேருதவி. ரயிலில் செலவு குறைவு. வாகனம் நிறுத்த இடம் தேட வேண்டியதில்லை. ரயிலின் மற்றொரு நன்மையை அன்றுதான் அறிந்தோம்: அதில் இருக்கைகள் எதிரெதிரே இருக்கின்றன.

செல் அம் ஸேயிலிருந்து மேற்கே, சால்ஸாக் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக, கிரிம்ல் நோக்கி ஒரு குறுகிய ரயில் பாதை செல்கிறது. 1898இல் திறக்கப்பட்ட இதன் தண்டவாள அகலம் 760 மில்லிமீட்டர் மட்டுமே. நம் ஊட்டி மலை ரயிலின் ஒரு மீட்டர் பாதையைவிடக் குறுகலானது. 2021 ஜூலையில் வந்த வெள்ளம் பாதையின் மேற்பகுதியைச் சிதைத்துவிட்டதால், இடையில் இறங்கிப் பேருந்துக்கு மாறினோம். செல்வோர் முன்கூட்டியே நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிறிய ரயிலில் மகள் எங்களுக்கு எதிரே அமர்ந்திருந்தாள். வைக்கோல் உலரும் வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் முந்தைய இரவே பேசி வைத்திருந்ததைச் சொன்னோம். "அன்று மலையில் நாங்கள் செய்தது தவறு. நேரம் இருந்தது. நீ கேட்டது ஆகுமானதுதான். எங்களை மன்னித்துவிடு."

அவள் உடனே திரும்பவில்லை. பிறகு, "நான் தொழுறதை அவங்க பார்த்தா பரவாயில்லை அத்தா. நீங்க என்னைத் திட்டுறதை எல்லாரும் பார்த்தாங்களே, அதுதான்" என்றாள். உம்மாவைப் பார்த்து, "நீங்களாவது ஏதாவது சொல்வீங்கன்னு நினைச்சேன்" என்றாள். அவ்வளவுதான். உம்மம்மா பையிலிருந்து பேரீச்சம்பழ டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

கிரிம்ல் அருவி மூன்று படிகளாக, மொத்தம் 380 மீட்டர் விழுகிறது. முழுவதும் ஏறிப் பார்க்க ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் செங்குத்தான பாதை உண்டு. கீழ்ப்படியின் அருகே உம்மம்மாவுடன் ஒருவர் மாறி ஒருவர் அமர்ந்திருந்தோம். நீர்த்துளிகள் காற்றில் பறந்து வந்து முகத்தை நனைத்தன. அந்தத் தண்ணீர் சால்ஸாக் ஆற்றில் கலந்து சால்ஸ்புர்க் நகரின் நடுவே ஓடுகிறது என்று மகள் கைப்பேசியில் படித்துச் சொன்னாள். பெரியவர்கள் ஒரு மர நிழலில் லுஹரைத் தொழுதோம். மகளை அழைக்கவில்லை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை மட்டும் சொன்னோம். ஊர் திரும்பியதும் அவள் தானாகவே அறைக்குள் சென்று, நேரத்துக்குள் தொழுதுவிட்டு வந்தாள். நாங்கள் கடிகாரத்தைப் பலமுறை பார்த்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உணவு பற்றிக் கேட்டவர்களுக்கு: சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்கினால் பாதிக் கவலை தீரும். காலையில் சோறும் பருப்பும் ஆக்கிச் சூடு தாங்கும் பாத்திரத்தில் எடுத்துச் சென்றோம். வெளியே உண்ண நேர்ந்தபோது, அப்பகுதியின் காஸ்நோக்கன் என்னும் பாலாடைக்கட்டி உணவைப் பன்றி இறைச்சி சேராததா என்று கேட்டு வாங்கினோம். குழாய்த் தண்ணீரையே தயங்காமல் குடிக்கலாம். பெண்கள் கவனிக்க வேண்டியது: பொது இடங்களில் முகத்தை மூடுவதற்கு 2017 அக்டோபர் முதல் அந்நாட்டில் சட்டத் தடை உண்டு, தலையை மறைக்கும் முக்காட்டுக்கு அத்தடை பொருந்தாது.

ஆறாம் நாள் சால்ஸ்புர்க். 1875இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாதை, மலைகளைச் சுற்றிக்கொண்டு பிஷோஃப்ஸ்ஹோஃபன் வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் செல்கிறது. ஒன்றரை மணி நேரப் பயணம். கிராஸ்குளோக்னரும் கிரிம்லும் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டருக்குள் அடங்கியவை. ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ருக்குரிய ஏறத்தாழ 81 கிலோமீட்டரை எட்டாதவை. சால்ஸ்புர்க் அதைத் தாண்டியது. ஆகவே ஆறு நாட்களில் முதன்முறையாக நாங்கள் நால்வருமே முஸாஃபிர்கள்.

கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு, பழைய நகரின் சந்துகளைச் சுற்றிவிட்டு, பிற்பகலில் சால்ஸாக் ஆற்றங்கரைப் புல்வெளிக்கு வந்தோம். ஊர்க்காரர்கள் ஆங்காங்கே படுத்தும் படித்தும் கிடந்தார்கள். எங்கே விரிப்பது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அந்த மரத்துக்குப் பின்னாடி போகலாம்" என்று மகள் காட்டினாள். வழியில் செல்வோர் கண்ணில் அவ்வளவாகப் படாத இடம். அங்கேயே விரித்தோம்.

கணவர் இமாமாக நின்றார். இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல மற்றவர்கள் எழுந்து முடிக்கட்டும் என்று அமர்ந்திருந்தார். பின்னால் அசைவே இல்லை. திரும்பிப் பார்த்தார். மூவரும் அவரோடே ஸலாம் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தார்கள். "இன்னைக்கு ஒண்ணாவே இறங்கிட்டோம்" என்றார் உம்மம்மா. பின்னர் பெண்கள் மூவரும் அஸரையும் சேர்த்துத் தொழுதுகொண்டார்கள். பயணத்தில் இரு தொழுகைகளை இணைக்காத ஹனஃபி வழிப்படி, கணவர் தம் அஸரை அதற்குரிய நேரத்தில் ஊர் திரும்பித் தொழுதார்.

மகளின் உள்ளம் முழுதும் மாறிவிட்டது என்று எழுத எங்களுக்கு உரிமை இல்லை. அன்றும் அவள் தொழும்போது தன் பையை விரிப்புக்கு முன்னே ஒரு மறைப்பாக வைத்துக்கொண்டாள். தொழுது முடித்ததும் வேகமாக எழுந்துவிட்டாள். அவள் வயதில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை நினைத்துப் பார்க்கிறோம். நம் ஊரில் பாங்கு ஒலிக்கும். தெருவே தொழப் போகும். தொழாதவன்தான் தனித்துத் தெரிவான். அவளுக்கு அங்கே தொழுபவள்தான் தனித்துத் தெரிகிறாள். எங்களிடம் கேட்கப்படாத ஒரு துணிவை அவளிடம் கேட்டோம்; அதையும் அதட்டிக் கேட்டோம்.

ஆல்ப்ஸுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். ஒரே ஊரில் தங்கி நாள்தோறும் சென்று வருவதானால், எத்தனை நாள் தங்குகிறீர்கள், எவ்வளவு தூரம் செல்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் சொல்லி விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள். மலைச்சாலைக்குக் காரும் மற்றவற்றுக்கு ரயிலும் போதும். மலை நிழலைப் பார்த்து மஃரிபைக் கணிக்காதீர்கள். உச்சியில் வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, அவர்களுக்கு அல்லாஹ் கொடுத்த நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைத் தொழுகையை விரும்பி நிலைநாட்டுவோராக ஆக்குவாயாக. அவர்களுக்கு நாங்களே தடையாகிவிடாமல் எங்களைக் காப்பாயாக. ஆமீன்.